அரிசி ஜாடிக்குள் இருந்த முகம்

இதை எனக்கு முதலில் சொன்னது யூலான்தானம்மா. போன கார்த்திகையில், என் பேத்தி பிறந்து தீட்டுக் கழிப்பதற்கு முந்தின நாள், சீனாவில் என் மகன் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாள். மேலே இருக்கிற பெட்டியைக் காட்டி, "உள்ளே என்னம்மா, கண்ணாடிச் சாமானா?" என்று நீ கேட்டாய் பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் யூலானிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ரயில் மதுரை போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது. தூக்கம் வந்தால் நீ பாட்டுக்குத் தூங்கு. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

என் பேர் மாரிக்கனி. அருப்புக்கோட்டை. எட்டாவது வரைக்கும் படித்தேன், அதற்கு மேல் அனுப்பவில்லை. யாரையும் வைது எனக்குப் பழக்கமில்லை அம்மா. காலையில் விளக்கேற்றும்போது ஆகாதவர்களுக்கும் சேர்த்துத்தான் கும்பிடுவேன். ஆனால் அந்த ஜின்பாவ் என்கிற மனுஷனை நினைத்தால் மட்டும் வாயில் எச்சில் ஊறுகிறது. துப்புவதற்கு. சாமி என்னை மன்னிக்கட்டும்.

என் மகன் ராஜகுரு அங்கே யீவூ என்கிற ஊரில் இருக்கிறான். நாம் தலையில் குத்துகிற ஹேர்பின், கையில் போடுகிற வளையல், கொசு அடிக்கிற பேட், எல்லாம் அந்த ஊர்ச் சந்தையிலிருந்துதான் வருகிறது. இவன் சாமி சிலை எடுத்து நம்ம பக்கத்துக் கடைகளுக்கு அனுப்புகிறான். பிள்ளையார், முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, யார் என்ன கேட்டாலும். ரெசின் என்று ஒரு பசை, அதை அச்சில் ஊற்றிச் செய்கிறார்கள். செய்கிற ஃபேக்டரிக்கு முதலாளிதான் ஜின்பாவ். என் மருமகள் சுகந்திக்குப் பிரசவம் என்று தெரிந்ததும், "என் தங்கச்சி பிள்ளை பெத்தவங்களைப் பார்த்துக்கற வேலைக்குத்தான் போய்க்கிட்டிருக்கா, அவளை அனுப்புறேன், கைராசிக்காரி" என்று அவன்தான் யூலானை அனுப்பினான். இத்தனை பெரிய முதலாளி, கூடப்பிறந்தவள் அடுத்தவர் வீட்டில் குழந்தைத் துணி அலசுகிறாள். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

முதலில் எனக்கும் அவளுக்கும் ஆகவே இல்லை. அவளுக்கும் என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடவே இருக்கலாம். தலையை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தாள். நான் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் கொதிக்க வைத்துத் தலைக்கு ஊற்றப் போனால், அவள் குறுக்கே வந்து நின்று கையை விரிக்கிறாள். அவர்கள் ஊரில் பெற்றவள் ஒரு மாதம் தலையை நனைக்கக் கூடாதாம். நான் பூண்டுக் குழம்பு வைத்தால் அவள் மூக்கைப் பொத்துகிறாள். அவள் கோழியைத் தோலும் காலுமாக வேகவைத்துக் கொண்டுவந்தால் நான் மூக்கைப் பொத்துகிறேன். நடுவில் கிடந்து சுகந்தி, "அத்தை, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொன்னுடாதீங்க" என்று சிரிக்கிறாள். அவள் அந்த ஊருக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டதல்லவா, சீன பாஷையைத் தண்ணீராகப் பேசுவாள். நாங்கள் பேசினதெல்லாம் அவள் வாய் வழியாகத்தான்.

எங்களைச் சேர்த்து வைத்தது கருப்பட்டி. சுக்குக் கருப்பட்டித் தண்ணீர் வைக்கலாம் என்று, ஊரிலிருந்து கொண்டுபோன கருப்பட்டியை உடைத்தேன். யூலான் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். முகர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஓடிப்போய்த் தன் பையிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். அதிலே அவர்கள் ஊர் வெல்லம். அவர்களும் அதில் இஞ்சி தட்டிப் போட்டுப் பெற்றவளுக்குத்தான் கொடுப்பார்களாம். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கப்பா மேல இந்த வாசனைதான் அடிக்கும்" என்றாள். பிறகுதான் சொல்ல ஆரம்பித்தாள்.

நம்ம தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவன் வருவான் பார், அது மாதிரி அவள் அப்பா கோழி இறகுக்கு வெல்லம் கொடுக்கிறவர். தோளில் காவடி மாதிரி ஒரு கம்பு, ரெண்டு பக்கமும் கூடை, கையில் ஒரு சின்ன மேளம். நம்ம குடுகுடுப்பைக்காரன் வைத்திருப்பானே, அச்சு அசல் அதேதான், ஆட்டினால் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் அறுத்த கோழியின் இறகை எடுத்துக்கொண்டு ஓடிவருவார்களாம். அந்த ஊர் மண் செம்மண், ஒன்றுக்கும் ஆகாது, இறகைப் போட்டு மக்க வைத்தால்தான் நெல் வரும். நல்ல இறகாக இருந்தால் ஒட்டடைத் துடைப்பம் கட்டலாம். அதுதான் பிழைப்பு.

வீட்டில் ஒரு சாமி இருந்தது. குவான்யின் என்று பேர். பெண் சாமி, இரக்கத்துக்கு உள்ள சாமி. சுடாத களிமண்ணில் செய்து வண்ணம் பூசினது. அவள் அம்மா கல்யாணம் ஆகி வரும்போது பிறந்த வீட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்ததாம்.

அப்புறம் ஒரு காலம் வந்தது. நம்ம ஊரில் அரிசி கிடைக்காமல் ரேஷனில் மக்காச்சோளம் போட்ட காலம் என்று வைத்துக்கொள். அங்கே பழசையெல்லாம் உடை என்று மேலிடத்து உத்தரவு. கோயில், புத்தகம், சாமி எல்லாம். தனியாக வியாபாரம் செய்கிறவன் எல்லாம் ஜனங்களின் ரத்தத்தைக் குடிக்கிறவன் என்றார்கள். வெல்லம் விற்கிறவர் கூடவா ரத்தம் குடிப்பார் என்று கேட்டேன். சுகந்தி அதை மொழிபெயர்த்ததும் யூலான் சிரித்தாள். "அன்னிக்கு அதை எங்கம்மா கேட்டிருந்தா அப்பாவோட சேர்த்து அவங்களையும் குத்தவாளியா நிறுத்தியிருப்பாங்க" என்றாள்.

உடைக்க வந்தது யார் என்று நினைக்கிறாய்? இந்த ஜின்பாவ்தான். மீசை அரும்புகிற வயது. கையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு சொந்த வீட்டுக்குள் வந்தான். ஜின்பாவ் என்றால் தங்கப் புதையல் என்று அர்த்தமாம், ஆசையாக வைத்த பேர். அது பணக்காரப் பேர் என்று சொல்லி, சிவப்பைக் காப்பவன் என்று அர்த்தம் வருகிற மாதிரி பேரையே மாற்றிக்கொண்டானாம். அம்மா சாமி முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டு, சாமியை முற்றத்துக்கு எடுத்துப்போய் மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்தான். அப்பாவை ஒரு முக்காலி மேல் நிறுத்தினார்கள். முகத்திலும் கழுத்திலும் கஞ்சியைப் பூசி, அவர் சேர்த்து வைத்திருந்த கோழி இறகையே ஒட்டினார்கள். குற்றம் என்னென்ன என்று காகிதத்தை வைத்து வாசித்தது பெற்ற பிள்ளை. அப்பா இறங்கி வந்து முகத்தைக் கழுவினார். அதற்குப் பிறகு வெல்லத்தைத் தொடவே இல்லையாம், சாகிற வரைக்கும்.

"சாமியோட தலை மட்டும் எங்கே உருண்டு போச்சுன்னு யாருக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு யூலான் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன ஜென்மமம்மா இது. பெற்றவன் மூஞ்சியில் கஞ்சியைப் பூசுகிற கை.

சரி, அறியாத வயது, ஊரே அப்படி ஆடியது, அவனும் ஆடினான் என்று விடலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், யாரையும் ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் மீதியைக் கேள். பத்துப் பதினைந்து வருஷத்தில் மேலிடமே மாறிவிட்டது. ஊர்ப் பொது என்று வைத்திருந்த நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தார்கள். சந்தை போடலாம், சம்பாதிக்கலாம், தப்பில்லை என்றார்கள். சந்தையில் முதல் ஆளாகப் போய்த் துணி விரித்தது யார்? இவன்தான். சட்டைப் பொத்தான் விற்றான். மறுபடியும் பேரை ஜின்பாவ் என்று மாற்றிக்கொண்டான். அப்பாவின் குடுகுடுப்பை மேளத்தையே எடுத்துப்போய் ஆட்டி ஆட்டித்தான் ஆள் கூப்பிட்டானாம்.

யூலான் ஒரு சர்க்கார் பட்டு மில்லில் வேலை பார்த்தாள். வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் மில்லே கொடுக்கும், செத்தால் எரிப்பதுகூட மில் செலவுதானாம். அதையும் ஒருநாள் மூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு போர்வை கொடுத்து அனுப்பினார்களாம். அண்ணனிடம் போய் நின்றாள். "காலம் மாறிடுச்சு, நீயும் மாறிக்கோ" என்றானாம். இதைச் சொல்லும்போதுகூட அவள் அழவில்லை. "காலம் எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம்தான் எங்கண்ணன் திரும்புவான். அவனைப் பார்த்தே நாங்க காத்து எங்கே அடிக்குதுன்னு தெரிஞ்சுக்குவோம்" என்றாள்.

இந்தா, இந்த முறுக்கை எடுத்துக்கொள். வீட்டில் சுட்டதுதான்.

தீட்டுக் கழிந்த பிறகு, சாமி செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நானே ராஜகுருவைக் கேட்டேன். குளித்து, திருநீறு பூசி, வெள்ளிக்கிழமை பார்த்துப் போனேன். ஏன் போனேன் என்றிருக்கிறது. நாற்றம் அம்மா, பெயிண்ட் நாற்றம், நெஞ்சை அடைத்தது. ஒரு மூலையில் தலை தலையாகக் குவிந்து கிடக்கிறது, ஒரு மூலையில் கை. முருகனைக் குப்புறப் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தூரிகையை நாக்கில் கூராக்கி, அதே எச்சிலோடு பிள்ளையாருக்குக் கண் வைக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, என்ன சாமி என்றே அவர்களுக்குத் தெரியாது. இந்த ஜின்பாவ் சிகரெட்டை ஊதிக்கொண்டு வந்தான். குள்ளமாக, தலைக்குக் கறுப்புச் சாயம். லட்சுமி என்று எழுதியிருந்த அட்டைப் பெட்டி மேல் ஷூக்காலைத் தூக்கி வைத்துக்கொண்டே பேசினான்.

அவன் ஆபீஸ் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு எதையோ வைத்திருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் அப்பாவின் மேளம். ராஜகுரு சொன்னான்: "அவங்க பரம்பரையா வியாபாரக் குடும்பம்மா. வெளிநாட்டுக்காரங்க வந்தா இதைத்தான் முதல்ல காட்டுவார்."

"இறகு ஒட்டினதையும் காட்டுவானா?" என்றேன்.

"அம்மா, மெதுவா."

"அவனுக்கென்ன தமிழ் தெரியுமா?"

ஜின்பாவ் என்ன என்று கேட்டான். ராஜகுரு வேறு எதையோ சொல்லிச் சமாளித்தான். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஏதோ சொன்னான். என்ன என்று மகனை நெருக்கிக் கேட்டேன். "சின்ன வயசுல சாமியை உடைச்சதுக்கு எனக்குப் பாராட்டிச் சட்டையில சிவப்புப் பூ குத்தினாங்க, இப்ப சாமி செஞ்சு ஏத்துமதி பண்றதுக்கும் சிவப்புப் பூதான் குத்தறாங்க, அப்படீங்கிறார்ம்மா." சொல்லிவிட்டு என் மகனும் சேர்ந்து சிரித்தான். பாவம், சிரிக்காமல் என்ன செய்வான், வியாபாரம். அவன் மனசுக்குள் என்ன பாடுபட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். அவனை நான் சாமி பயத்தோடு வளர்த்திருக்கிறேன்.

நான் சாப்பிடாமல் வீடு வந்தேன். மறுநாள் யூலான் என் முகத்தைப் பார்த்தாள். நான் கையால் சாமி உயரம் காட்டி, குப்புறக் கவிழ்த்துக் காட்டி, தலையில் அடித்துக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். சுகந்தியால் பிள்ளையை விட்டு வர முடியாது, நாங்கள் ரெண்டு பேர் மட்டும்தான் போனோம்.

அந்த மூடின மில்லின் குடியிருப்பில் ஒரே அறை. மூலையில் தொடை உயரத்துக்கு ஒரு அரிசி ஜாடி. யூலான் கதவைச் சாத்தி, சன்னல் திரையை இழுத்துவிட்டு, ஜாடிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். எடுத்தபோது கையில் ஒரு தலை.

மண் தலை அம்மா. ஒரு தேங்காய்கூட இருக்காது. வண்ணமெல்லாம் போய், உதட்டில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. அரிசி மாவு படிந்திருந்தது. பாதிக் கண் மூடி, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய் குனிந்து பார்ப்பாள் பார், அந்தப் பார்வை. நான் எத்தனை கோயில் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒரு முகம் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

யூலான் சுவரில் இருந்த தன் அம்மா போட்டோவைக் காட்டினாள். பிறகு தலையை ஜாடிக்குள் வைத்து அரிசியால் மூடி, கையை உள்ளே விட்டு, கண்ணை மூடி, உதட்டை அசைத்தாள். மறுபடியும் போட்டோவைக் காட்டினாள். எனக்குப் பாஷையே வேண்டியிருக்கவில்லை. அவள் அம்மா அப்படித்தான் கும்பிட்டிருக்கிறாள். சூடம் இல்லை, விளக்கு இல்லை, யாரும் பார்க்கவும் முடியாது. உலைக்கு அரிசி அள்ளுகிறபோது, அரிசிக்குள்ளேயே சாமி முகத்தைத் தொட்டுத் தடவிக் கும்பிட்டிருக்கிறாள். அம்மா போன பிறகு இவள். இப்போது அங்கே கோயில் இருக்கிறது, கும்பிட்டால் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் சாமி ஜாடிக்குள்தான் இருக்கிறது. ஒளிந்திருந்தே பழகிவிட்டது போல.

கிளம்பும்போது யூலான் அண்ணனுடைய ஃபேக்டரி இருக்கிற திசையைக் கையால் காட்டினாள். பிறகு என் வாயில் தன் விரலை வைத்தாள். அதற்கு எந்த ஊரிலும் அர்த்தம் ஒன்றுதான். நானும் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினேன். நான் அப்படி வாய்விடுகிறவள் இல்லை அம்மா.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ராஜகுரு முகம் வாடி இருந்தான். மதுரைக் கடைக்காரர் லட்சுமி சிலையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாராம். முகத்தில் களை இல்லை, பொம்மை மாதிரி முழிக்குது என்கிறாராம். பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான், வாயில் வைக்கவில்லை. பெற்ற மனசு கேட்குமா? "முகம்னா இன்னிக்குப் பார்த்தேன் பாரு, அது முகம். நம்ம யூலான் அரிசி ஜாடிக்குள்ள வச்சிருக்கா" என்றேன். அவனைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். "எந்த ஜாடி, என்ன முகம்?" என்று கேட்டான். சொன்னேன். மகன்தானே, வெளி ஆளா? மனசு லேசாகி ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டான்.

அங்கே பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆனால் விருந்து வைப்பார்கள். முட்டையை வேகவைத்துச் சிவப்புச் சாயம் பூசி வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அந்த விருந்துக்கு ஜின்பாவ் வந்தான். பழக்கூடை, குழந்தைக்கு வெள்ளிக் காப்பு. எல்லாரும் இருக்கும்போதே நேராகத் தங்கச்சியிடம் போய் நின்றான். அவள் கையில் முட்டைத் தட்டு. அவன் மெதுவாக ஏதோ சொன்னான். தட்டு ஆடியது. முட்டைகள் ஒன்றோடு ஒன்று இடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

எப்படியோ தெரிந்துகொண்டுவிட்டான் அம்மா. எந்த வழியாக மோப்பம் பிடித்தானோ. எனக்கு அந்தப் பக்கத்து அறைக்காரி மேல்தான் சந்தேகம். நாங்கள் உள்ளே போகும்போது எட்டி எட்டிப் பார்த்தாள். வயிற்றில் ஒன்றும் தங்காத பெண்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

சுகந்தி என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். "கேக்கறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல, ஆனா அம்மாவோட சாமியை ஒரு தடவை பார்க்கணும்ங்கிறார் அத்தை. மன்னிப்புக் கேக்கிறார்." அந்தக் கிழவன் கண்ணில் தண்ணீர். அத்தனை பேர் முன்னால் தங்கச்சிக்கு முன் முட்டி போட்டான். அவர்கள் ஊர் ஆள் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். நானும், உண்மையைச் சொல்கிறேன், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஐம்பது வருஷமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் யூலான் எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. தட்டை வைத்துவிட்டு அவன் தலையைத் தொட்டாள். சாயம் பூசின தலையை.

அன்றைக்கே அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு நாள் என் வீட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தருகிறேன் என்றானாம்.

அந்த வாரம் முழுக்க அவன் வரவில்லை. யூலான் வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

பிறகு வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். ராஜகுருவும் அன்றைக்குச் சந்தைக்குப் போகாமல் அவனுக்காகக் காத்திருந்தான். ஜின்பாவ் மேஜை மேல் ஒரு லட்சுமியை எடுத்து வைத்தான். தாமரை, நாலு கை, கிரீடம், தங்க வண்ணம் எல்லாம் நம்ம லட்சுமி. முகம்... நான் பார்த்த முகம். அரிசிக்குள் இருந்த முகம்.

"களை சொட்டுது" என்றான் என் மகன். வாய்தவறி வந்துவிட்டது, பாவம்.

ஜின்பாவ் அந்தச் சிலையைத் தூக்கி, "உடையவே உடையாது, பாருங்க" என்று சொல்லித் தரையில் எறிந்தான். எறிந்தானம்மா! சாமியை! அது டொக்கென்று விழுந்து உருண்டு அடுப்படி வாசலில் போய் நின்றது. யூலான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து எடுத்தாள். விரலால் மூக்கை, உதட்டை, கண்ணைத் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சுகந்தி அதைத் தமிழில் சொன்னாள்.

"மண்ணு எங்கே?"

அச்சு எடுக்க ரப்பர் ஊற்றியிருக்கிறார்கள். சுடாத மண் இல்லையா? ரப்பரை உரிக்கும்போது முகமும் அதோடு உரிந்து வந்துவிட்டதாம், மீதி பொடிந்துவிட்டதாம். அதனால் என்ன, இனிமேல் ஆயிரம் முகம் இருக்கிறது, அம்மா முகம் ஊர் உலகமெல்லாம் போகும் என்கிறான். பொடிந்த மண்ணை என்ன செய்தீர்கள் என்று மறுபடியும் கேட்டாள். கூட்டித் தள்ளியாச்சு என்றான். சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னான்.

முன்னே உடைத்தபோதாவது அவனுக்கு ஒரு வெறி இருந்தது. இப்போது அதுகூட இல்லை. சீ. அழுது, முட்டி போட்டு, மன்னிப்பு வாங்கிக்கொண்டு போய் அச்சு எடுத்தானே, அந்தக் கண்ணீரை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது. அவன் கொண்டுவந்த வெள்ளிக் காப்பைக்கூடப் பிள்ளைக்குப் போட எனக்கு மனசில்லை. சுகந்திதான், நல்ல கனமான காப்பு அத்தை, வைத்திருக்கலாம் என்றாள். வைத்திருக்கிறோம்.

யூலான் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்தாள், தன் செருப்பையும் துணியையும் எடுத்துக்கொள்ள. நான் சுக்குக் கருப்பட்டித் தண்ணீர் கலந்து கொடுத்தேன். தொடவில்லை. என்னையே ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சுகந்தி பக்கத்தில் இருந்தும் பேசவில்லை. நான் அவளுக்கென்று கொடுத்திருந்த கருப்பட்டியைக் காகிதத்தில் சுற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பேத்திக்கு ஆகட்டும் என்று நினைத்திருப்பாள், நல்ல மனசு. அண்ணன் செய்ததில் அவளுக்கு மனுஷர்கள் மேலேயே வெறுத்துப்போயிருக்க வேண்டும், என்னிடம்கூடப் பேச முடியவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவளுக்காகத் தினமும் விளக்கு வைக்கிறேன். அந்தப் பக்கத்து அறைக்காரிக்கு நல்ல புத்தி வரட்டும் என்றும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

ஆண்டவன் புண்ணியத்தில் ராஜகுருவுக்கு இப்போது பரவாயில்லை. மதுரைக் கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு, இந்த முகத்தில் எத்தனை இருந்தாலும் அனுப்பு என்றாராம். நான் ஊருக்கு வருகிறேன் என்றதும், மாதிரிக்குக் கொஞ்சம் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிடும்மா என்று பெட்டியைக் கட்டிக் கொடுத்தான். முடியாது என்று சொல்ல முடியுமா? தொலைதூரத்தில் கிடந்து பாடுபடுகிற பிள்ளை. அதில் ஒன்றை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். பூஜை அறையில் வைக்கலாம் என்று பார்க்கிறேன், யூலான் நினைப்பாக இருக்கட்டும். அரிசிப் பானையில் வைத்தால் அவளுக்கு இன்னும் சந்தோஷமாக இருக்குமோ, என்னவோ.

ஏன் சிரிக்க மாட்டேன் என்கிறாய்? முறுக்கும் அப்படியே கையில் இருக்கிறது. வைகைப் பாலம் தெரிகிறது பார், ஸ்டேஷன் வந்துவிடும். இதையெல்லாம் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே, அந்தப் பெண் என்னை நம்பிச் சொன்னது.

எனக்குக் கை எட்டாது. அந்தப் பெட்டியை மட்டும் கொஞ்சம் இறக்கிக் கொடுத்துவிடு அம்மா. பயப்படாதே, கனமே இருக்காது. உள்ளே எல்லாம் வெறும் பொள்ளல்தான்.